இரண்டு பேருக்கு ஒரு முடிச்சு

அந்தக் கதை குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறி வந்தது.

நயினாதீவில் நாகபூசணி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய தம்பி லண்டனில் ஓர் ஆசுப்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறவன். விடுமுறையில் ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் சொன்னதை அவர் நாகபூசணியிடம் சொன்னார். நாகபூசணி குறிகட்டுவான் துறையில் ஏறிய பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் வேலணைச் சந்தையில் மீனலோசனியைக் கண்டு, தக்காளி பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள். இத்தனை வாய் மாறி வந்ததில் கதை கொஞ்சம் கொழுத்துத்தான் இருந்தது. அந்த ஆசுப்பத்திரிக்குப் புதிதாக ஒரு கொம்பியூட்டர் வந்திருக்கிறதாம். ஒருவனுடைய பெயரை அடித்தால் இன்னொருவனுடைய இரத்த வகை வருகிறதாம். திரும்ப அடித்தால் சரியாக வருகிறதாம். அதற்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தாதிமார் சிரிக்கிறார்களாம்.

மீனலோசனி சந்தையால் வந்து கூடையை இறக்கினாள். அவளுடைய தமையன் பரராசசிங்கம் குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தான்.

"அண்ணை, உங்கடை மிஷின் ஆக்களை மாத்திச் சொல்லுதாம்."

"எந்த மிஷின்?"

"எனக்கென்ன தெரியும்? ஆசுப்பத்திரி மிஷினாம். ஐயாவின்ரை செத்தவீட்டுக்கு வரவிடாமல் உங்களைப் பிடிச்சு வைச்சிருந்ததும் ஒரு ஆசுப்பத்திரி மிஷின்தானே? லண்டனிலை அப்பிடி எத்தினை கிடக்குதோ, ஆர் கண்டது."

"விசர்க்கதை. அதைச் சோதிச்சுப் பாத்துத்தான் குடுத்தனாங்கள்."

"நான் சொல்லேல்லை. பஸ்ஸிலை கதைச்சவை."

அவள் தக்காளியைக் கழுவப் போனாள். பரராசசிங்கம் கதிரையை விட்டு எழும்பவில்லை. விசர்க்கதை என்று வாய் சொன்னதே தவிர, அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவு ஊரான புளியங்கூடலில் பரராசசிங்கத்தைப் பற்றிக் கேட்டால், மார்க்கண்டரின் மகன், கணக்கில் கெட்டிக்காரன், லண்டனில் இருக்கிறான் என்று சொல்வார்கள். அவ்வளவுதான் தெரியும். மார்க்கண்டர் காலிக்கு அங்காலே ஒரு ஊரில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோது பரராசசிங்கத்துக்கு ஒன்பது வயது. அந்தச் சட்டத்தால் கடைக்கு ஒன்றும் வராது, கடைக்காரனுக்கு எல்லாப் பாசையும் தெரியும் என்று மார்க்கண்டர் நம்பியிருந்தார். ஐம்பத்தெட்டில் கடையை எரித்தார்கள். கப்பலில் ஏற்றி அனுப்பியபோது அவர் உடுத்த சாரத்தோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு அவர் தீவை விட்டுப் போகவில்லை. தகப்பன் வழிக் காணியில் புகையிலையும் வெங்காயமும் வைத்தார்.

"ஒரு பாசையை நம்பிக் கடை போட்டு நான் பட்டது காணும். நீ இங்கிலீசிலையும் படி, தமிழிலையும் படி" என்று மகனை ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மகன் இரண்டிலும் படித்தான். பல்கலைக்கழகம் போனான். தாய் அந்த வருடங்களிலேயே கண்ணை மூடிவிட்டாள். பிறகு கொழும்பில் ஒரு கூட்டுத்தாபனத்தில், ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற கொம்பியூட்டருக்கு நிரல் எழுதினான். சிங்களச் சோதினை எழுதாதபடியால் அவனுக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவனுக்கு மேலே போனார்கள். எழுபத்து நாலில் லண்டனுக்குப் போய்விட்டான்.

அங்கே அவன் செய்கிற வேலையை ஊருக்கு விளங்கப்படுத்த ஒருமுறை முயன்றிருக்கிறான். "ட்றைவர் எழுதுறன்" என்று சொல்லிவிட்டான். குஞ்சியப்பு சரவணமுத்து, மார்க்கண்டரின் தம்பி, வாய் சும்மா இராதவர், உடனே பிடித்துக்கொண்டார்.

"ட்றைவர் வேலையெண்டால் ஏனடா லண்டனுக்குப் போனனீ? குறிகட்டுவான் பஸ்ஸுக்கு ஆள் இல்லாமல் கிடக்குது. விடிய எழும்பி அதை ஓடினால் உன்ரை கொப்பருக்கும் பாக்கக் கண் நிறைவா இருக்கும்."

மார்க்கண்டர் அன்று சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். மகன் கடைசியாகக் கண்ட தகப்பனின் சிரிப்பு அது.

அவன் எழுதிய ட்றைவர் இப்படியானது. கொம்பியூட்டரில் விபரமெல்லாம் சுழலும் வட்டில் கிடக்கும். வட்டு மெதுவானது. அதனால், அடிக்கடி கேட்கிற விபரங்களை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஒரு பக்கமாக வைத்திருப்பார்கள். கேஷ் என்று அதற்குப் பெயர். வட்டில் இருப்பதைக் கேஷுக்குக் கொண்டுவந்து, கேட்ட நிரலுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைதான் அந்த ட்றைவருடையது. பரராசசிங்கம் லண்டனில் அந்தக் கொம்பியூட்டர் நிறுவனத்துக்குப் போன காலத்தில் அது ஒரே விபரத்தை மூன்று முறை பிரதி எடுத்தது. வட்டிலிருந்து வந்ததைத் தன்னுடைய தொட்டியில் ஒரு பிரதி வைக்கும். தொட்டியிலிருந்து கேஷுக்கு இன்னொரு பிரதி எடுக்கும். கேஷிலிருந்து, கேட்டவனுடைய இடத்துக்கு மூன்றாவது பிரதி போகும். இயந்திரத்தின் நேரத்தில் பெரும்பங்கு இந்த இடமாற்றத்திலேயே கரைந்தது.

தீவில் பிறந்தவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நல்ல தண்ணீரைக் குடத்திலிருந்து குடத்துக்கு ஊற்றினால் வழியில் சிந்தும் என்று தெரிந்து வளர்ந்தவன் அவன். முதல் பிரதியை நீக்கிவிட்டான். வட்டு நேரே கேஷுக்குள் எழுதட்டும் என்றான். இரண்டாவதும் அதோடு போய்விட்டது. மூன்றாவதுதான் கடினம். விபரத்தைக் கேட்டவனுக்குப் பிரதி கொடுக்காமல், 'இந்தா, கேஷில் இந்த இடத்தில் இருக்கிறது, நீயே படித்துக்கொள்' என்று இடத்தை மட்டும் காட்டிவிட்டான். மேலாளர் பிறைஸ் நேரத்தை அளந்து பார்த்துவிட்டு அவனுடைய முதுகில் தட்டினார். அந்த வேகத்தைச் சொல்லித்தான் நிறுவனம் ஆசுப்பத்திரிக்கு அந்தக் கொம்பியூட்டரை விற்றது.

அதில் ஓர் ஆபத்து இருந்தது. கேஷ் சின்னது. புதிய விபரம் வரும்போது பழையது கிடந்த இடத்தில்தான் அதை எழுத வேண்டும். யாராவது அந்த இடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது எழுதிவிட்டால், படிக்கிறவனுக்குப் பாதி ஒருவருடைய விபரமும் பாதி இன்னொருவருடையதும் கிடைக்கும். சோதனைகளின் கடைசிக் கட்டத்தில் அதுதான் நடந்தது.

அது நடந்த அன்றுதான் ஊரிலிருந்து தந்தி வந்தது. ஐயா காலமானார்.

பரராசசிங்கம் உடனே 'வருகிறேன்' என்று பதில் தந்தி அடித்தான். பிறைஸும் போகத்தான் சொன்னார். "பழையபடி பிரதி எடுக்க விட்டு இதைக் கொடுப்போம், மெதுவாக ஓடட்டும், நீ போ" என்றார். அவனுக்கு மனம் கேட்கவில்லை. ஆறு மாதம் உழைத்தது வீணாகக்கூடாது. வேலையைப் பாதியில் விட்டுப் போனான் என்று வெள்ளைக்காரன் சொல்லக்கூடாது. நாளைக்கு முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். நாளை மறுநாளாயிற்று.

அந்த இரண்டு நாளும் அவனுடைய உடம்பு லண்டனில் மேசைக்கு முன்னால் இருந்தது. நினைவு முழுக்கத் தகப்பனின் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றது.

அது மூன்று வீட்டுப் பங்குக் கிணறு. மார்க்கண்டருக்கு ஒரு பங்கு, சரவணமுத்துவுக்கு ஒரு பங்கு, பக்கத்துத் தோட்டத்துப் பரமலிங்கத்துக்கு ஒரு பங்கு. ஆளுக்கொரு முறை. தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மெல்லியதாகத்தான் நிற்கும். அதற்குக் கீழே உவர். கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகவே ஒருவருடைய முறைக்குள் இன்னொருவர் கை வைப்பதில்லை. அதற்கு ஓர் அடையாளம் உண்டு. இறைக்க வருகிறவர் துலாக்கயிற்றை, அந்த ஏற்றமரத்தைத் தாங்கி நிற்கிற ஆடுகாலில் இருந்து அவிழ்ப்பார். இறைத்து முடிந்ததும் திரும்பவும் ஆடுகாலில் முடிந்துவிட்டுப் போவார். கயிறு அவிழ்ந்து தொங்கினால், ஆளைக் காணாவிட்டாலும், முறை முடியவில்லை என்று அர்த்தம். முடிச்சு இருந்தால் அடுத்தவர் இறங்கலாம். இதற்குச் சண்டை வந்ததை மார்க்கண்டரின் காலத்தில் யாரும் கண்டதில்லை.

பரராசசிங்கத்துக்கு அந்தக் கயிறு கண்ணுக்குள் வந்தது. படிக்கத் தொடங்குகிறவன் அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைக்கட்டும். படித்து முடித்ததும் எடுத்துவிடட்டும். அடையாளம் இருக்கும்வரை ட்றைவர் அந்த இடத்தில் கைவைக்காது. அன்றைக்கே எழுதினான். சோதனை ஓடியது. பிழை மறைந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். ஐயா போகிற வழியில் தன்னிடம் ஒருமுறை வந்து, கயிற்றைக் காட்டிவிட்டுப் போனார் என்று நம்பினான். இதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டில் 'வருகிறேன்' என்ற தந்தியை நம்பிக்கொண்டிருந்தார்கள். மீனலோசனியின் கணவன் சவூதியில். முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான். ஊர்காவற்றுறை மீன்வாடியில் ஐஸ் வாங்கி வரச் செய்து தகப்பனை வைத்திருந்தாள். வைகாசி வெயிலில் ஐஸ் எவ்வளவு நேரத்துக்கு நிற்கும்? கடைசியில் சரவணமுத்துதான் தமையனுக்குக் கொள்ளி வைத்தார்.

பரராசசிங்கம் வந்து இறங்கியபோது முற்றத்தில் பந்தல் கழற்றியாயிற்று. தங்கை அழவில்லை, ஏசவும் இல்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"ஐயாவின்ரை வாய் கறுத்துப் போச்சுது அண்ணை. அதுக்கு மேலை வைச்சிருக்க ஏலாமல் போச்சு."

அதன் பிறகு ஒரு மாதமாக அவள் அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. கீரிமலையில் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. அவன் தலை மொட்டையாக, போகிற நாளுக்காகக் காத்துக்கொண்டு, வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தான். அப்போதுதான் அந்தக் கதை பஸ்ஸில் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சோளகக் காற்று விடியவே எழும்பிவிட்டது. அன்று மீனலோசனியின் முறை. தங்கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று பரராசசிங்கமும் தோட்டத்துக்குப் போனான். துலா எப்போதோ இறைக்காமல் விட்டாயிற்று; எல்லாரும் மண்ணெண்ணெய் மிஷின் வாங்கிவிட்டார்கள். ஆனால் கயிறும் ஆடுகாலும் அப்படியே நின்றன, வழக்கமும் அப்படியே நின்றது. மீனலோசனி கயிற்றை அவிழ்த்துத் தொங்கவிட்டாள். மிஷினை இயக்கிப் பாதி வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டினாள். கிணறு இறங்கியதும் மிஷினை நிறுத்தினாள்.

"ஊறட்டும். மற்றப் பாதியைப் பேந்து பாப்பம். நீங்கள் அந்தக் கடைசி வாய்க்காலிலை மண்வெட்டியைப் போடுங்கோ அண்ணை."

இருவரும் தோட்டத்தின் மற்ற அந்தத்துக்குப் போனார்கள். அந்த நேரம் சரவணமுத்து தன் கயிற்று வாளியோடு வந்தார். அவருக்கு இருந்தது நாலு வாழையும் கொஞ்சம் மிளகாயும். தமையன் வீட்டு முறைக்குள் நாலு வாளி அள்ளிக்கொள்வது அவருக்குப் பழக்கம். யாரும் அதைத் தடுத்ததில்லை. அள்ளினார், ஊற்றினார். போகிற போக்கில், கை பழகிய பழக்கத்தில், தொங்கிய கயிற்றை ஆடுகாலில் இழுத்து முடிந்துவிட்டுப் போய்விட்டார்.

மிஷின் இரையத் தொடங்கிய சத்தம் கேட்டுத்தான் மீனலோசனி நிமிர்ந்தாள். அந்தச் சத்தம் அவளுடைய மிஷினுடையது அல்ல. காற்றுக்கு எதிரே ஓடிப் போனாள். கிணற்றுக்குள் பரமலிங்கத்தின் குழாய் இறங்கியிருந்தது.

"பரமலிங்கண்ணை! என்ரை முறை முடியேல்லை. ஆர் உங்களை மிஷினை வைக்கச் சொன்னது?"

"கயிறு முடிஞ்சு கிடக்குது, பிள்ளை. எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

"நான் முடியேல்லை!"

"அப்ப பேயே வந்து முடிஞ்சது? கொப்பர் இருக்கேக்குள்ளை இப்பிடி ஒரு கதை இந்தக் கிணத்தடியிலை வந்ததில்லை. அவர் போய் நாற்பது நாளாகேல்லை, நீர் தொடங்கியிட்டீர்."

"ஐயாவை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ. முதலிலை மிஷினை நிப்பாட்டுங்கோ!"

சத்தம் கேட்டுச் சரவணமுத்து வேலிக் கடப்பால் திரும்பி வந்தார்.

"என்னடி பிள்ளை, ஊரையே கூட்டுறாய்? நான்தான் முடிஞ்சனான். நாலு வாளி அள்ளினன், முடிஞ்சுது, முடிச்சும் போட்டன். முடியாமல் போனால் உன்ரை கொப்பர் எழும்பி வந்து என்னைத் திண்டிருப்பார்."

"அவிட்டது நான், குஞ்சியப்பு. நான் அவிட்டதை நீங்கள் எப்பிடி முடியலாம்?"

"அவிண்டு கிடந்தது, அள்ளினன். என்ரை வேலை முடிஞ்சுது, முடிஞ்சன். அதிலை என்ன பிழை?"

"கேட்டீரே?" என்றார் பரமலிங்கம். "அவர் முறைப்படி முடிஞ்சார், நான் முறைப்படி மிஷின் வைச்சன். ஒருத்தரிலையும் பிழையில்லை. சும்மா வாயைப் புண்ணாக்காதையும்."

மீனலோசனி மிஷினடிக்குப் போனாள். குழாய் வாயில் கையை ஏந்தித் தண்ணீரை வாயில் விட்டாள். துப்பினாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் சேறு தெரிந்தது.

"உவர்" என்றாள். "ஐயா இருபத்தைஞ்சு வரியமாக் காத்து வைச்ச தண்ணி."

பரமலிங்கம் மிஷினை நிறுத்தினார். அவரும் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். சரவணமுத்து தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். மீனலோசனி கிணற்றுக் கட்டில் குந்தினாள். இந்த வெங்காயத்தை விற்றுத்தான் தகப்பனுக்கு மதகு ஓரத்தில் ஒரு சுமைதாங்கி கட்ட வேண்டும் என்று அவள் யாருக்கும் சொல்லாமல் நினைத்து வைத்திருந்தாள்.

பரராசசிங்கம் மண்வெட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றான். அவனுடைய கண் ஆடுகாலில் இருந்தது.

துலா இருந்த காலத்தில் ஒரு கயிறு, ஓர் ஆள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அள்ளவே முடியாது. கயிறு ஒருவருடைய கையில் இருக்கும். அவிழ்த்தவர்தான் முடிவார். முடிச்சு அப்போது பொய் சொல்லாது. வாளியும் மிஷினும் வந்த பிறகு இரண்டு பேர் சேர்ந்து அள்ளலாம் என்றாகிவிட்டது. அவிழ்த்தது ஒருத்தி, முடிந்தது வேறொருவர். அவர் தன் வேலை முடிந்ததை மட்டும்தான் சொன்னார். முடிச்சுக்கு அவள் இன்னும் முடிக்கவில்லை என்பது தெரியாது.

அவன் லண்டனில் எழுதி வைத்ததும் இதே முடிச்சுத்தான். ஒரே விபரத்தை இரண்டு தாதிமார் இரண்டு திரையில் ஒரே நேரத்தில் கேட்டால், முதலில் படித்து முடித்தவளின் நிரல் அடையாளத்தை எடுத்துவிடும். இடம் சும்மா கிடக்கிறது என்று ட்றைவர் நினைக்கும். அதில் வேறொரு நோயாளியின் விபரத்தைக் கொண்டுவந்து ஊற்றும். இரண்டாவது தாதி இன்னும் படித்துக்கொண்டிருப்பாள். மேலே ஒருவனுடைய பெயர், கீழே இன்னொருவனுடைய இரத்தம். திரும்ப அடித்தால் சரியாக வரும். சோதனையில் ஒரே விபரத்தை இரண்டு பேர் ஒன்றாகக் கேட்டது மிக அரிது. ஆசுப்பத்திரியில் அது அரிதல்ல. நாகபூசணியின் தம்பி சொன்ன கதையில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை.

அடையாளம் வைத்தால் போதாது, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். கடைசி ஆள் போன பிறகுதான் அந்த இடம் சும்மா. அதை எழுத ஒரு நாள் போதும். அதுவரைக்கும் மூன்றாவது பிரதியைத் திருப்பிப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் வராது. கொம்பியூட்டர் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். முதல் இரண்டு பிரதியும் வீண். மூன்றாவது வீணில்லை. அதற்கு ஒரு சுவிச்சும் அவனே வைத்திருந்தான். பிறைஸ் அதை அழுத்தினால் சரி.

ஆனால் ஆசுப்பத்திரியில் இதுவரை நோயாளிகளின் விபரம் எழுதிய பழைய மட்டைகளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் தாதிமாருக்கு அது சிரிப்பாக இருந்தது. நாளை, ஞாயிறு காலையிலிருந்து மட்டைகளை அகற்றிவிடுவதாக அவன் புறப்பட முன்பே ஏற்பாடு. அதற்குப் பிறகு திரை சொல்கிற இரத்தத்தைத்தான் ஏற்றுவார்கள்.

அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

"எங்கையடா ஓடுறாய்?" என்றார் சரவணமுத்து.

"தபாற்கந்தோருக்கு. லண்டனுக்குக் கதைக்க வேணும்."

"ஏன், ஆர் செத்தது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை, குஞ்சியப்பு."

மீனலோசனி அப்போதுதான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "பஸ்ஸிலை சொன்னது உண்மையே?" என்று கேட்டாள். அவன் ஓம் என்று தலையாட்டினான்.

ஊர்காவற்றுறை வரைக்கும் எதிர்க்காற்று. மொட்டைத் தலையில் மண் வந்து அடித்தது. தபாற்கந்தோரில் தபாலதிபர் லியோன் மாஸ்ரர் கதவைச் சாத்துகிற நேரம்.

"லண்டனுக்கோ? இண்டைக்கோ? தம்பி, நீர் யாழ்ப்பாணத்துக்குக் கதைக்கவே எனக்கு அரை நாள் வேணும்."

"எவ்வளவு நேரமெண்டாலும் நான் நிப்பன், மாஸ்ரர். இண்டைக்குக் கிடைக்காட்டில் பேந்து கிடைச்சும் பிரயோசனமில்லை."

"தந்தி அடியுமன்."

"கந்தோருக்குத்தான் அடிக்கலாம். திங்கட்கிழமைதான் திறப்பினம். மேலதிகாரியின்ரை வீட்டு விலாசம் தெரியாது, போன் இலக்கம் மட்டும் பாடம்."

லியோன் மாஸ்ரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மார்க்கண்டற்றை மகனெல்லே? உம்முடைய தந்தியை நான்தான் சைக்கிளிலை கொண்டுபோய்க் குடுத்தனான். 'வருகிறேன்' எண்டு. பிள்ளை அதைக் கையிலை வைச்சுக்கொண்டு படலையடியிலை நிண்டது." அவர் கதவைச் சாத்தினார், அவனை உள்ளே விட்டுத்தான் சாத்தினார். "இரும், பாப்பம்."

முதலில் யாழ்ப்பாணம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது கொழும்பு கிடைக்கவில்லை. லியோன் மாஸ்ரர் வாங்கில் இருந்தபடி பாணும் சம்பலும் சாப்பிட்டார். அவனுக்கும் பாதி நீட்டினார். அவன் வேண்டாம் என்றான். ஆசுப்பத்திரியின் இலக்கத்தை விசாரித்துத் தரும்படி கொழும்பைக் கேட்டான். பார்க்கிறோம் என்றார்கள், பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. கிடைத்தாலும் அங்கே தொலைபேசி எடுக்கிற பெண்ணிடம் என்னவென்று சொல்வது? ஐயாயிரம் மைலுக்கு அங்காலே, ஏதோ ஒரு தீவிலிருந்து, ஒரு குரல் கொம்பியூட்டரை நம்பாதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? பிறைஸ் சொன்னால் கேட்பார்கள்.

"அப்பிடி என்ன அவசரம் தம்பி?" என்று லியோன் மாஸ்ரர் கடைசியில் கேட்டார்.

"ஐயா செத்துக் கிடக்க நான் அங்கை நிண்டு செய்த வேலை, மாஸ்ரர். அது பிழைச்சுப் போச்சு. ஆரும் சாக முதல் சொல்லிப்போட வேணும்."

லியோன் மாஸ்ரருக்கு விளங்கியதோ என்னவோ. வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து, கொழும்பைப் பிடித்து, சண்டைக்காரன் மாதிரிக் கத்தினார். "இது சாவு விசயம், பிள்ளை! ஓம், சாவு! கெதியாப் போடும்!"

மத்தியானம் சாய்ந்த பிறகு லண்டன் கிடைத்தது. அலை இரைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பின்னால் ஓர் ஆங்கிலக் குரல், பிறகு மணி. இரண்டு இரண்டாக அடிக்கிற அந்த ஊர் மணி. அங்கே இப்போது சனிக்கிழமை காலை. பிறைஸ் எழும்பியிருப்பார். தோட்டத்தில் நிற்பாரோ? சனிக்கிழமைகளில் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவதாக எப்போதோ சொன்னாரே? போனால் எப்போது திரும்புவார்? மனைவியும் கூடப் போவாளோ? இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்த மனிதனைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மணி அடித்தது.

சொல்ல வேண்டியதை அவன் ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். என்னுடைய மாற்றத்தை அணைத்துவிடுங்கள். பிரதி எடுக்கட்டும். மெதுவாக ஓடட்டும். தவறு என்னுடையது. இதைவிட ஒரு சொல் கூடச் சொல்லத் தேவையில்லை. வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான்.

கொழும்புப் பெண் இடையில் வந்தாள். "ஒருத்தரும் எடுக்கினமில்லை. லைனை வெட்டவோ?"

"வெட்டாதேங்கோ. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."

"மற்ற ஆக்களும் காத்துக்கொண்டிருக்கினம்."

"தெரியும், தங்கச்சி. இன்னும் கொஞ்சம்."

லியோன் மாஸ்ரர் ஒரு கதிரையை இழுத்து அவனுக்குப் பின்னால் வைத்தார். அவன் இருக்கவில்லை. ரிசீவரைக் காதோடு இறுக்கிக்கொண்டு, மறு கையால் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். வெளியே சோளகம் கதவைப் பிடித்து ஆட்டியது. அங்கே, அவன் ஒருநாளும் போயிராத ஒரு வீட்டில், மணி அடித்துக்கொண்டேயிருந்தது.